புலம்பலும் பிரசங்கமும்: இரணைதீவுப் பெண்களின் சொல் குறித்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றிற் கிறித்தவத்தின் இடத்தை மதிப்பிடும்போது நாம் வழமையாக அச்சு, அகராதி, கல்வி ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றோம். பிரசங்கம் என்னும் வடிவம் மதத்துக்குரியதென ஒதுக்கப்படுகின்றது. பிரசங்கிப்பவர் பெண்ணாயின் அவ்விடயம் ஆய்வு மேசைக்கே வருவதில்லை. முற்போக்குத் திறனாய்வும் இதற்கு விலக்கன்று. இக்கட்டுரையாளரும் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் வியாகுலப் பிரசங்கத்தை ஓர் அடிக்குறிப்போடு கடந்து சென்றவரே. மதத்தை அபின் என்ற மார்க்ஸ், 1844 இல் வெளிவந்த அதே பத்தியில், அதனை மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கெதிரான குரலாகவும் கண்டார் என்பதை நம்மிற் பலர் வசதியாக மறந்துவிட்டோம்.

கத்தோலிக்க திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருப்பலியின் மறையுரையைக் குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியதாக்கியது. பொதுநிலையினர் சில சந்தர்ப்பங்களிற் கோயிலிற் பிரசங்கிக்க அத்தொகுப்பு இடமளிப்பினும், பீடத்தருகே நின்று வேதவாக்கியத்துக்குப் பொருள் கூறும் அதிகாரம் பெண்ணுக்கில்லை. அவ்வாறாயின் நமது ஊர்களிற் கத்தோலிக்கப் பெண் எங்கே பேசினாள்? ஞானோபதேச வகுப்பில், வீட்டுச் செபமாலையில், இழவு வீட்டில், தவக்காலப் புலம்பலில்.

இவற்றுள் இறுதியானதே இலக்கிய மாணவருக்கு முக்கியமானது. வியாகுலப் பிரசங்கத்தை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676 இற் கோவாவிற் பிறந்து, 1705 இல் இலங்கை வந்து, 1742 இல் இங்கேயே மறைந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலம் அது. குருமார் மிகச் சிலர். அவர்களும் மறைந்து திரிந்தனர். குருவானவர் எட்டாத இடத்திலும் நூல் பேசும். பாமரர் வாயிலேயே பிரசங்கம் உயிர்வாழ வேண்டியிருந்த அச்சூழல் அதன் உருவத்தையும் பாதித்தது எனலாம். பெயரால் அது பிரசங்கம், அதாவது ஆணின் அதிகாரத்துக்குரிய வடிவம். ஓதப்படும் இராகத்தாலோ அது ஒப்பாரிக்கு நெருங்கியது, அதாவது பெண்ணுக்குரிய வடிவம். இம்முரண்பாடே அதன் வலிமை.

அதன் வரம்பும் அங்கேயே உள்ளது. உரோமை ஆளுநன் ஒருவனின் ஆணையாற் கொல்லப்பட்ட மகனுக்காகத் தாய் அழுகிறாள். ஆனால் பிரசங்கம் கேட்போனின் பாவத்தையே அம்மரணத்துக்குக் காரணமாக்குகின்றது. ஆணையிட்ட அரசு பின்னணிக்குத் தள்ளப்படுகிறது. லூக்கா சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில் வலியோரை ஆசனங்களினின்று இறக்குவதையும் பசித்தோரை நிரப்புவதையும் பாடுகின்ற மரியாள் தவக்காலத்தில் நினைவுக்கு வருவதில்லை. இவ்விடுபடலைச் சுட்டிக் காட்டியவர் ஓர் இலங்கைக் குருவானவர்: திஸ்ஸ பாலசூரிய அடிகளார். மரியாளையும் மானிட விடுதலையையும் பற்றி 1990 இல் அவர் வெளியிட்ட நூலின் பொருட்டு 1997 இல் அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். மறு ஆண்டு அத்தண்டனை நீக்கப்பட்டது. நமது முற்போக்கு ஏடுகள் இவ்விவாதத்தில் உரிய பங்கு கொள்ளவில்லை என்பதே எனது எண்ணம்.

பாலசூரிய அடிகளார் ஏட்டில் எழுதியதற்கு நெருங்கிய ஒன்றை வன்னியின் மேற்குக் கரையில் மீனவப் பெண்கள் நடைமுறையிற் செய்தனர். கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவிலுள்ள இரணைதீவு, பெயருக்கேற்ப இரு தீவுகளாலானது. கத்தோலிக்க மீனவரின் வாழிடம். 1992 இல் அவர்கள் இடம்பெயர்ந்து முழங்காவிலுக்கு அண்மையிலுள்ள இரணைமாதா நகரிற் குடியேறினர். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் கடற்படை அங்கிருந்தமையால் திரும்பிச் சென்று குடியேற முடியவில்லை. தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலிற் படகின்றியே அட்டை பொறுக்கிச் சீவித்த பெண்களுக்கு இவ்விடப்பெயர்வு ஊரிழப்பு மட்டுமன்று. தமது கையிலிருந்த உழைப்புச் சாதனத்தின் இழப்புமாகும். பெண்கள் முன்னிலை வகித்தமைக்கான காரணத்தைப் பக்தியில் மாத்திரம் தேடுவோர் இவ்வடிப்படையைத் தவறவிடுவர். 2017 மே 1 ஆம் திகதி அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். ஏறத்தாழ ஓராண்டு கழிந்து, 2018 ஏப்ரல் 23 இல், வெள்ளைக் கொடிகளோடு படகுகளில் அனுமதியின்றியே தீவுக்குச் சென்று இறங்கினர், கோயிலிற் செபித்தனர், அங்கேயே தங்கினர்.

செபமும் கோரிக்கையும் அடுத்தடுத்து ஒலித்த இப்போராட்டத்தின் மொழியில் ஓர் இலக்கணக் கூறு நுணுகி நோக்கத்தக்கது. பிரசங்கி 'நாம்' என்பார். கேட்போரையும் உளப்படுத்தும் சொல் அது. நாம் பாவிகள் என்றவுடன் காணி இழந்தவனும் காணியைப் பறித்தவனும் ஒரே வரிசையில் முழந்தாளிடுகின்றனர். மரியாளை நோக்கிய செபத்தில் வருவதோ 'எங்கள்'. கேட்பவரை விலக்கி நிற்கும் சொல். எங்கள் காணி, எங்கள் கடல் என்று அதிகாரிகளின் முன் சொல்லும்போது, நாடோறும் செபமாலையிற் பழகிய அதே 'எங்கள்' முகவரி மாறிச் செல்கின்றது. வேண்டுதல் உரிமைக் கோரலாகின்றது. பிரசங்க பீடம் அவர்களுக்கு வழங்காத இலக்கணத்தைச் செபமாலை வழங்கிற்று. அவர்தம் நம்பிக்கையும் மறுவுலகத்தை நோக்கியதன்று. கிணறும் தென்னையும் கரையும் அதன் பொருள்கள்.

இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. குருமாரின் துணை இப்போராட்டத்துக்கு இருந்தது. அத்துணையின்றி அதிகாரிகள் இப்பெண்களுக்கு எவ்வளவு செவிசாய்த்திருப்பர் என்பது கேள்விக்குரியது. படகுடையோர்க்கும் படகற்றோர்க்கும் இடையிலான வேறுபாடு கரையிறங்கியவுடன் கரைந்துவிடாது. மேலும், 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் அமர்ந்த காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரைப் போலவே இவர்களையும் நமது கவிஞர்கள் 'அழும் தாய்' ஆக்கிவிட்டனர். கண்ணீரை ஏற்கும் இலக்கியம் வாதத்தை ஏற்கத் தயங்குகின்றது. தாய் என்ற தகுதியிலன்றிப் பெண்ணைப் பேசவிடாத திருச்சபையின் பழக்கம் நமது புதுக்கவிதையிலும் தொடர்கின்றது. (முற்போக்காளர் என்போர் இதனால் நோகலாம்.)

அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்கும் ஒரு சோதனை வந்தது. 2020 ஏப்ரல் தொடக்கம் முஸ்லிம்களின் கொவிட் சடலங்களைக் கட்டாயமாக எரித்த அரசு, 2021 மார்ச்சில் அடக்கத்துக்கு இணங்கியபோது அதற்கென இரணைதீவைத் தெரிந்தது. இரணைதீவு மக்கள் எதிர்த்தனர். பின்னர் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நிகழ்ந்தன. ஒடுக்கப்பட்ட ஒரு மக்களின் மயானமாக ஒடுக்கப்பட்ட மற்றொரு மக்களின் காணியைத் தெரிந்த அத்தெரிவின் முன், 'எங்கள்' என்பதற்குள் எவர் அடங்குவர் என்ற வினாவை அப்பெண்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கான சான்றுகள் இன்னும் அவர்தம் வாய்மொழியிலேயே உள்ளன. ஒலிப்பதிவுக் கருவியுடன் இரணைமாதா நகருக்குச் செல்லும் ஆய்வு மாணவர் முதலிற் கேட்கவேண்டியது அதையே.