நாணயத்தின் மேல் ஒரு தவளை

ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும் படத்தை வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். 2017-இல் சோனாலி கார்க், எஸ். டி. பிஜு முதலியோர் ‘பியர்ஜே’ என்ற ஆய்விதழில் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஏழு புதிய இராத்தவளைச் சிற்றினங்களை விவரித்தார்கள். அச்செய்தியோடு வெளிவந்த படம் அது. ஏழில் நான்கு, முழு வளர்ச்சி பெற்றும் 12.2 முதல் 15.4 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை.

படம் நல்ல படந்தான். தவளை எவ்வளவு சிறியது என்பதை ஒரே பார்வையில் உணர்த்திவிடுகிறது. ஆனால் நான் படித்த செய்திகள் பெரும்பாலும் அந்தச் சிறுமையை வியந்ததோடு நின்றுவிட்டன. ஒன்றுபோலத் தோன்றும் இந்தக் குட்டித் தவளைகளை வெவ்வேறு சிற்றினங்கள் என்று எப்படிக் கண்டார்கள்? மாணவன் கேட்கவேண்டிய கேள்வி இதுவல்லவா? அதற்கு அங்கே விடை இல்லை.

அளந்து பார்த்தால் போதாதா என்பீர்கள். தவளையின் நீளம் மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரை அளக்கப்படுகிறது. உயிருள்ள தவளை உடலைக் குறுக்கும், நீட்டும். 12.2 மில்லிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிழை என்றால் நூற்றுக்கு எட்டுப் பங்கு! இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் என் மாணவர் இப்படி அளந்து வந்தால் திரும்ப அளக்கச் சொல்வேன். நிறத்தையும் நம்ப இயலாது. சாராயத்தில் இட்ட மாதிரியில் அது மங்கிவிடும்.

ஆய்வாளர்கள் உடலமைப்போடு டி.என்.ஏ.வையும் குரலையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இதுவே ஆய்வுரையின் சிறப்பு. ஈரச் சருகுக்கடியில் ஒளிந்து பூச்சிபோல ஒலிப்பதால்தான் இத்தவளைகள் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. நம் காதை ஏமாற்றும் அக்குரலையே பதிவு செய்து, துடிப்புகளை எண்ணி, அதிர்வெண்ணைக் கணித்தால் அது அடையாளமாகிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: வெப்பநிலை உயர்ந்தால் தவளைக் குரலின் துடிப்பு வேகமும் கூடும். வெப்பமானி இல்லாமல் செய்த பதிவு பாதிப் பதிவுதான்.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. நான்கு குட்டிகளில் ஒன்று, ஆண்டுதோறும் பக்தர்கள் பெருந்திரளாகக் கூடும் சபரிமலைக்கு அருகில் கண்டறியப்பட்டது. அதை வேறொரு குட்டித் தவளையென்று குறித்துவிட்டால், இங்கே அழிந்தாலும் அங்கே இருக்கிறதே என்று கணக்குப் புத்தகம் நம்மைச் சமாதானப்படுத்திவிடும்.

நாணயப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு குரலின் அலை வரைபடத்தையும் அச்சிட்டிருக்கலாம். இரண்டு அங்குல இடந்தான் செலவாகியிருக்கும்.