பொத்தானைக் காணோம்!

இணைய வகுப்பில் மாணவரைக் குழுவாகப் பிரிக்கப் போனால், ஸூமில் ‘பிரேக்அவுட் ரூம்’ பொத்தானே இல்லை. செயலியை அழித்து மறுபடி போட்டாலும் வராது. அதை இயக்கும் இடம் ஸூம் இணையதளத்தில், நம் கணக்கின் அமைப்புகள் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இயக்கிவிட்டு, கூட்டத்தை முடித்துத் திரும்பத் தொடங்குங்கள். அந்த இடம் மங்கலாக இருந்தால் கணக்கு நிர்வாகி பூட்டியிருக்கிறார், அவரிடம்தான் கேட்கணும்.

பொத்தான் மறைந்ததைப் பொறுக்கலாம். ஏன் மறைந்தது என்று சொல்லாததே குறை. தோன்றா எழுவாய்கூட, ‘படித்தேன்’ என்பதன் விகுதியில் தன்னைக் காட்டிவிடும். இங்கோ ஒரு தடயமும் இல்லை. கடைசியில் ஆசிரியர், ‘எனக்குத்தான் தெரியலை’ என்று தன்னையே நொந்துகொள்கிறார். மங்கலாகவாவது காட்டி, காரணத்தை ஒரு வரியில் சொன்னால் போதுமே!