செட்டில் ஓர் ஆள் குறைகிறது

நம் வட்டாரத்து மேளங்களைப் பற்றியும், அவற்றில் வாசித்தவர்கள் எந்தெந்த வழியில் வந்தவர்கள் என்பது பற்றியும் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். தலைவர் அவர்களே வீடு தேடி வந்து சொன்ன பிறகு மறுக்க முடியுமா? ஆனால் இந்தச் சபையின் உறுப்பினர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? திருவாவடுதுறை என்றதும் தோடி, திருவீழிமிழலை என்றதும் கீர்த்தனை, செம்பனார்கோயில் என்றதும் ரக்தி என்று முன்வரிசைப் பெரியவர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். பரம்பரைப் பட்டியல் வேண்டுவோருக்குத் தஞ்சாவூர் பி. எம். சுந்தரம் அவர்களின் ‘மங்கல இசை மன்னர்கள்’ இருக்கிறது.

நான் பார்க்க நினைப்பது ஒரு செட்டை. இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், ஒத்து. ஆறு பேரும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களாக இருப்பது அபூர்வம். ராஜரத்தினம் பிள்ளையவர்கள் வாய்ப்பாட்டிலும் ஊறியவர். அவர் ஆலாபனையில் அது தெரியும். திருவீழிமிழலைச் சகோதரர்கள் வாசித்தால் சாகித்யம் எழுத்தெழுத்தாக விழும். காருகுறிச்சியார் திருநெல்வேலிச் சீமைக்காரர். ராஜரத்தினத்திடம் சேர்ந்து அந்தப் பாணியைத் தெற்கே கொண்டுபோனார். ஷேக் சின்ன மௌலானா சாகிப் ஆந்திரத்தில் பரம்பரையாக நாகஸ்வரம் வாசித்த குடும்பத்தவர். நாச்சியார்கோயில் ராஜம் சகோதரர்களிடம் காவிரிக்கரை வாசிப்பைக் கற்று ஸ்ரீரங்கத்துக்காரராகவே ஆகிவிட்டார். தவிலில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, அவர் மருமகன் நாச்சியார்கோயில் ராகவப் பிள்ளை, கடல் கடந்து வந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. இந்த மூன்று பேருக்கு மேல் நான் ஒருவரைச் சொன்னால் சொல்லாமல் விட்டவரின் சீடர்கள் சண்டைக்கு வருவார்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

என் ஆசான் செம்பனார்கோயில் வழி. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, போய்ச் சேர்ந்த பிறகும். சாகித்யமே இல்லாத ரக்தியை, ராத்திரிப் புறப்பாட்டில், மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்குத் திரும்பியதும் எடுப்பார். வடக்கு வீதி மூலைக்கு வரும்போதும் அதே ராகம், அதே ரக்தி. ஆனால் ஒரு முறை வந்த பிடி இன்னொரு முறை வராது. கீர்த்தனைக் கோஷ்டி இதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளலாம்: வாய்ப்பாட்டுக்காரர் எவரும் தொட முடியாத, நாயனத்துக்கே உரிய சொத்து இது ஒன்றுதான் என்பது என் கட்சி.

அவரிடம் சேருகிற பையனுக்கு நாயனம் உடனே கைக்கு வராது. முதலில் ஒத்து. விரல் துளை இல்லாத குழல். கீழ்ப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டிக் கொடுத்துவிடுவார். மூக்கால் இழுத்த மூச்சைக் கன்னத்தில் தேக்கி, ஒலி அறாமல் ஊத வேண்டும். வீதி முழுக்க நடக்க வேண்டும். “டேய், நீ நின்னா நான் நிப்பேன்டா” என்பார் ஆசான். அந்த ஒரு வாக்கியம் போதும், பையன் தூங்கமாட்டான். நாலைந்து வருஷம் அப்படி ஆசானின் தோளருகே நின்றவனுக்குப் பைரவி எங்கே வளைகிறது, காம்போதியில் நிஷாதம் எங்கே தலைகாட்டுகிறது என்பதைத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்று அந்த ஆறாவது ஆள் இல்லை. மேடையில் ஒரு சுருதிப் பெட்டி இருக்கிறது.

யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. இன்று வாசிக்கிற தம்பிகளில் பலர் என்னைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறவர்கள். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கக் கல்யாண வீட்டார் மூக்கால் அழுகிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். சீவாளி நாணலில் செய்தது. எச்சில் பட்டு நனையும், மூச்சுச் சூட்டில் இளகும், வெயில் ஏற ஏறச் சுருதி நகரும். ஒத்திலும் இருப்பது சீவாளிதான். இரண்டு குழலும் சேர்ந்து சூடேறும், சேர்ந்து நகரும். ஒத்து ஊதுகிறவன் உதட்டை இறுக்கி மீதியைச் சரிசெய்துகொள்வான். பெட்டி நகருமா? அது வைத்த இடத்தில் நிற்கும். நாயனம் வேறெங்கோ போயிருக்கும். தவில் ஏறியதும் பெட்டியின் குரல் வாசிக்கிறவருக்கே கேட்பதில்லை என்பதால் அந்தப் பிளவும் தெரிவதில்லை. தெரியாமல் போனது யாருக்கு வசதி என்று நான் சொல்லப்போவதில்லை.

அங்கே தொடங்கியதுதான் எல்லாம். ஒத்துப் பையன் இல்லை, அதனால் மூச்சு இல்லை. மூச்சு இல்லாததால் ராகம் ஐந்து நிமிஷம். மிச்ச நேரத்தைத் தவில் தனி நிரப்புகிறது. தனியைக் கேட்டுக் கைதட்டிப் பழகிய கூட்டம் ராகத்தின்போது சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போகிறது. பந்தி முந்திவிடுவதால் முகூர்த்தம் முடிந்ததும் சினிமாப் பாட்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968இல் வந்தபோது மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் கேட்கத் தியேட்டருக்குப் போனோம். இன்று தியேட்டரில் ஒலிப்பதைக் கேட்கப் பந்தலுக்குப் போகிறோம். திமிரி நாயனம் ஒலித்த கோயில்களில் பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தாமே அடிக்கும் இயந்திரம் நிற்கிறதே, அதற்கு வழிவிட்டது எது? பெட்டிதான். சுருதிக்கு ஆள் வேண்டாம் என்று முதலில் ஒப்புக்கொண்டது நாம். நம் மண்டபத்தின் மைக்குக்கூட, சென்ற ஆண்டு விழாவில் கத்தியதே, ஒத்து இருந்திருந்தால் அவ்வளவு கூட்டி வைத்திருக்கமாட்டார்கள் என்பது என் துணிபு. மைக் செட்காரத் தம்பி வேறு காரணம் சொல்கிறார்.

ராஜரத்தினம் பிள்ளையவர்களும் பழையதை மாற்றினவர்தானே என்று இளைஞர்கள் மடக்குவார்கள். மாற்றினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பாரி நாகஸ்வரத்தைக் கையிலெடுத்துக் கட்டையை இறக்கினார். சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசியது. கருவி மாறியபோது வாசிப்பு கூடியது. பெட்டி வந்ததில் என்ன கூடியது? வேனில் ஓர் இருக்கை.

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் சபையும் பாராட்டுத் தீர்மானம் போட்டது, மகிழ்ச்சி. ஆச்சா மரத்தைக் கடைகிற ஆசாரிகளிடம் இப்போது ஒத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அந்தக் கூட்டத்திலேயே நான் எழுந்து கேட்டேன். நேரமாகிவிட்டது என்று நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

இந்த ஆண்டு விழாப் புறப்பாட்டுக்கு வருகிற செட்டுக்கு ஒத்துக்காரர் ஒருவருக்கான சம்பளத்தைச் சபை தனியாகத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொருளாளர் அவர்கள் வரவு செலவைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். ஆள் கிடைப்பாரா என்றும் கேட்டார். திருவாரூர்ப் பக்கம் ஒருவர் இருக்கிறார். வயதாகிவிட்டது, முழு வீதியும் நடப்பாரா என்று தெரியவில்லை. கிழக்கு வீதி மட்டுமாவது போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.