இறுகிய எஞ்சினின் பெறுமதி
2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், முள்ளிவாய்க்காலில் கைவிடப்பட்டு உப்புக்காற்றில் துருவேறிய வாகனங்களில் இருந்ததைப் போன்ற இறுகிய எஞ்சின், அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துச் சுழலாமல் நின்றுவிட்ட எஞ்சின், வாங்கத்தக்கதா என்று தீர்மானிப்பது வன்னி மெக்கானிக்கின் நுண்கலையாகும். பிளக்குகளைக் கழற்றி, துளைவழியே ஒயில் விட்டுச் சில நாள் ஊறவைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் நீண்ட ஸ்பானரைக் கொளுவி முன்பின்னாக மெல்ல அசைக்கும்போது, ஒரு நூலளவு இளகினாலும், பிடித்திருப்பது பெரும்பாலும் துருவே என்று கை அறிந்துகொள்கிறது. அந்தக் கைநுட்பம் வியப்புக்குரியது. துரு தின்ற சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியோ, ஸ்லீவ் எனப்படும் உள்ளுறையை இறுக்கியோ மீட்கலாம். பிளாக் வெடித்திருந்தால் பழைய இரும்பின் விலையே போதும். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்களிலோ, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்திருக்கும் என்பதால், கிராங்கின் தேய்மானத்தைத் திறந்து பார்க்காமல் விலை பேசலாகாது.