கலப்பு ஊடகமும் நினைவின் கோடும்

ஒரே பரப்பில் எண்ணெய் வண்ணம், கரிக்கோடு, ஒட்டுத்தாள் எனப் பலவற்றை ஒருங்கே கையாளும் ஓவிய முறையைக் கலப்பு ஊடகம் என்பர். மேனாட்டார் இதற்குப் பிறந்த ஆண்டு குறிப்பர். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிடப்பெற்ற மெழுகுத் துணியை முட்டை வடிவக் கித்தானில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றை விளிம்பாக அமைத்தார். அதுகொண்டு இம்முறை நமக்கு முற்றும் அயலானது என்போர் தஞ்சாவூர் ஓவியத்தை ஊன்றி நோக்கியவரல்லர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசையால் மேடெழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு வேய்ந்து வண்ணந்தீட்டும் அக்கலையை வேறு எப்பெயரால் அழைப்பது?

எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. தஞ்சை ஓவியத்தில் கண்ணாடிக்கல் தன்னை மறைத்து மாணிக்கமாகின்றது. யாவும் திருவுருவின் ஒளிக்குத் தொண்டு செய்கின்றன. பிக்காசோவின் கயிறோ கயிறாகவே நிற்கின்றது. எடுத்த பொருள் தன் பழைய வாழ்வை மறவாது படத்துள் நிற்பதே புதுமுறையின் உயிர் எனலாம். ஆகவே ஓவியனிடம் நாம் கேட்கத்தக்க வினா, இப்பொருள் இங்கு ஏன் வந்தது என்பதே. நம் மாணவர் அட்டைகளில் சிப்பியும் மணலும் தென்னந்தும்பும் தாராளமாக ஒட்டப்படுவதைக் காணுந்தோறும் இவ்வினா என்னை உறுத்துவதுண்டு. கடலை மணலால் காட்டுதல் எளிது. எளிது என்பதே அதன் குறை.

இவ்வினாவுக்குத் தக்க விடையாக அமைந்த ஈழத்து ஆக்கம் ஒன்றுண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் நூல் வடிவில் வெளியிட்ட 'இன்கம்பிளீற் தோம்பு' என்பதே அது. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும். தோம்பாவது, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பேணிய காணிப் பதிவேடு. போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அதனைக் கட்டடக்கலைஞர் அளவுமுறைப்படி மீள வரைந்தார். மூன்றாவதாக ஓவியர் தம் பாஸ்டல் சித்திரத்தைச் சேர்த்தார்.

மூன்று கைகள், மூன்று கோடுகள். வீட்டை இழந்தவரின் கோடு பயிற்சியற்றது, அளவும் அறியாது. ஆயினும் எங்கு தயங்கிற்றோ அங்கு நம் கண்ணும் தயங்குகின்றது. கட்டடக்கலைஞரின் கோடு நேரானது; தயக்கத்தைத் துடைத்துவிட்டு வீட்டை அலுவலகத்துக்குரிய பத்திரமாக்கிவிடுகின்றது. அத்துடைப்பினால் நாம் இழந்தது யாதெனக் காண மீண்டும் முதற்கோட்டை நோக்கவேண்டியுள்ளது. ஒன்றையொன்று கேள்வி கேட்கும் இந்நிலையே கலப்பின் பயன். தனித்தனியே நிற்பின் இவற்றுக்கு இத்துணை வலிமை இராது. 1963 முதல் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் தம் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் சாதகக் கட்டங்களையும் எழுத்துப்போன்ற வடிவங்களையும் நிரப்பினார். அவை வாசிப்பதற்கு உரியனவல்ல, காண்பதற்கே உரியன. சனாதனன் தொகுத்த கோடுகளோ வாசிக்கப்பட வேண்டியவை: இது கிணறு, இது குசினி. (குசினியும் தோம்பைப் போலப் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்லே.)

பாஸ்டல் சித்திரங்கள் யாவும் ஒரே வலிமையின என்று நான் கூறேன். தரைப்படம் ஊமையாய்ச் சொன்னதை உருவகத்தால் மீண்டும் உரத்துச் சொல்ல முயலுமிடத்து மூன்றாம் கோடு மிகையாகின்றது. வீட்டுக்காரரின் கையை ஓவியர் இன்னும் நம்பியிருக்கலாம்.

இந்நூலை அருங்காட்சிப் பொருளாகக் கருதி அப்பால் வைத்தல் நமக்கு இயலாது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடல், திருக்கோவில் முதல் கல்முனை வரையும் அதற்கப்பாலும் எத்தனையோ வீடுகளை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. அலையை நீல வண்ணத்தால் தீட்டும் பிள்ளைகள் அன்று பிறந்திருக்கவில்லை. வாசல் எத்திசை நோக்கியிருந்தது, கிணற்றிலிருந்து குசினிக்கு எத்தனை அடி என்பனவற்றை அறிந்த பாட்டிமார் இன்னும் அதே தெருக்களில் இருக்கின்றனர். சித்திரப் பாடத்துக்குரிய பென்சிலை ஒரு பிற்பகல் அவர் கையிற் கொடுத்துப் பார்க்கலாம்.