எழுதத் துணிந்த சாரு

சத்யஜித் ராய் 1964இல் இயக்கிய வங்காளப் படம் ‘சாருலதா’. மூலம், தாகூரின் 1901ஆம் ஆண்டுக் குறுநாவல். களம் 1879இன் கல்கத்தா. பத்திரிகை நடத்தும் பூபதிக்கு அரசியல்தான் மூச்சு. மனைவி சாருவுக்கு (மாதவி முகர்ஜி) பொழுது போவதே பெரும்பாடு. கைப்பிடி வைத்த தொலைநோக்குக் கண்ணாடியோடு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவை வேடிக்கை பார்க்கிறாள். புத்தகத்தில் மூழ்கியபடி தன்னைக் கவனிக்காமல் கடந்துபோகும் கணவனையும் அதே கண்ணாடியால் பார்க்கிறாள். வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

பூபதியின் தம்பிமுறை அமல் வந்த பிறகு அவளுக்கு எழுதும் ஆசை பிறக்கிறது. முதலில் குயிலைப் பற்றி எழுதப் பார்த்துத் தாளைக் கிழித்துப் போடுகிறாள். அது இரவல் அழகு. பிறகு ஊஞ்சலில் யோசித்தபடி இருக்கும் அவள் முகத்தின் மேலேயே ஆறு, படகு, ராட்டை, திருவிழா என்று சொந்தக் கிராமம் படிகிறது, அதையே எழுதுகிறாள். எழுத்து பிறக்கும் கணத்தை இவ்வளவு நெருங்கிக் காட்டிய காட்சிகள் சினிமாவில் அபூர்வம். கட்டுரை அச்சானதும் அந்த இதழாலேயே அமலின் தலையில் ஒரு தட்டு! மறுகணம், இனி எழுதப்போவதில்லை என்று உடைந்து அழுகிறாள். பத்திரிகை நொடித்தபின் கடற்கரையில் புதுப் பத்திரிகைக்கு யோசனை சொல்பவளும் அவளே: ஆங்கிலத்தில் அரசியல் கணவனுக்கு, வங்காளப் பகுதி தனக்கு.