ஒரு காசோலையும் ஒரு ஒலிப்பதிவும்

பாப் வுட்வர்டின் புத்தகங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். 'ரேஜ்' (2020) முடித்து ரெண்டு வாரம் ஆச்சு. ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

முதலில் பழைய வுட்வர்ட். 1972 ஜூன் 17, வாட்டர்கேட்டில் ஐந்து பேர் பிடிபடுகிறார்கள். அவர்களில் பெர்னார்ட் பார்க்கர் என்பவருடைய மயாமி வங்கிக் கணக்கில் 25,000 டாலர் காசோலை ஒன்று வரவாகியிருப்பதை, மயாமிக்கே போய்க் கண்டுபிடிக்கிறார் சக நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீன். காசோலையில் இருந்த பெயர் கென்னத் டால்பெர்க். இங்கே வாஷிங்டனில் வுட்வர்ட் அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேட்கிறார். நிக்சனின் தேர்தல் நிதிக்கு வந்த பணம் என்று தெரிகிறது. ஆகஸ்ட் 1 அன்று செய்தி வெளியானது. ரகசியமா கார் நிறுத்துமிடத்தில் ஆளைச் சந்தித்த கதையைத்தான் எல்லாரும் சொல்வோம். எனக்கு அதைவிட இந்தக் காசோலைதான் பெரிசு. எவரும் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் அது.

பிறகு வந்த வுட்வர்ட் வேறு. மூடிய அறைக்குள் நடந்த பேச்சு, மேற்கோள் குறியோடு வரும். சொன்னது யார் என்று இருக்காது. ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் இருப்பது நிச்சயம் என்கிற பொருளில் சிஐஏ தலைவர் ஜார்ஜ் டெனெட் புஷ்ஷிடம் சொன்னதாக 'பிளான் ஆஃப் அட்டாக்' (2004) எழுதியது. நான் சொன்ன சந்தர்ப்பமே வேறு என்று டெனெட் 2007-ல் தன் புத்தகத்தில் மறுத்தார். படிக்கிற நான் யாரை நம்புவது? லாக் ஃபைல் இல்லாத சிஸ்டத்தில் பிழை தேடுகிற கதைதான். இந்த முறையை ஜோன் டிடியன் 1996-லேயே கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார்.

'ரேஜ்' விஷயத்தில் இந்தக் குறையே இல்லை. டிரம்ப் குரலே பதிவாகியிருக்கிறது. 2020 பிப்ரவரி 7: கொரோனா காற்றில் பரவும், கடுமையான ஃப்ளூவைவிடக் கொடியது என்கிறார். மார்ச் 19: அதைக் குறைத்துக் காட்டத்தான் விரும்பினேன் என்கிறார். ஊருக்குச் சொன்னது வேறு. இது வெளியே வந்தது செப்டம்பர் 9-ல்.

வுட்வர்ட் தரப்பையும் சொல்லணும். பிப்ரவரியில் டிரம்ப் சீனாவைப் பற்றிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தாராம். அவர் சொல்வது உண்மையா, எங்கிருந்து தெரிந்தது என்று உறுதிசெய்ய மே மாதம் ஆகிவிட்டதாம். தேர்தலுக்கு முன் முழுக் கதையையும் தருவதே நோக்கமாம். முதல் ரெண்டையும் ஏற்கிறேன். சரிபார்க்காமல் எழுதியிருந்தால் நானே திட்டியிருப்பேன். ஆனா மே-க்குப் பிறகு? அமெரிக்காவில் இறப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது மே கடைசி வாரத்தில். செப்டம்பர் 9-ல் அது சுமார் 1,90,000. முன்னாடியே வெளியிட்டிருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் கணக்குப் போடவில்லை. யாராலும் போட முடியாது. கையில் இருந்தது உறுதியான செய்தி, அது தேவைப்பட்டது அப்போது, அவ்வளவுதான் என் வாதம்.

எங்க தொழிலில் பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்தால், நிறுவனம் சரிசெய்யட்டும் என்று பொதுவாக 90 நாள் வெளியே சொல்லாமல் இருப்பார்கள். இங்கே நிறுவனத்துக்கு முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது பயன்படுத்துகிறவர்களுக்குத்தான்.

நிக்சனை வீழ்த்தியது ஒலிநாடா. அவர் அதைத் தர மறுத்தபோது உச்சநீதிமன்றம் தலையிட்டு வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை நாடா நிருபரின் கையிலேயே இருந்தது. புத்தகம் செப்டம்பர் 15-ல் கடைக்கு வந்தது. முதல் வாரத்திலேயே ஆறு லட்சம் பிரதிகள் விற்றன.